வேகப் போக்கரும் வெகுமதிப் புள்ளிகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை

இணையவழிப் போக்கர் வெகுமதித் திட்டம் என்பது, இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் சீட்டாட்டம் ஆடுவோருக்கு, அவர்கள் செலுத்தும் கட்டணத்துக்கு ஏற்பப் புள்ளிகளோ பணமோ பரிசோ வழங்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இதனை ரிவார்டு பாயிண்ட் என்பர். 2000க்குப் பின் வளர்ந்த இம்முறை, ஒரு மணி நேரத்தில் பல மடங்கு ஆட்டங்களை ஆடச்செய்யும் வேகப் போக்கருடன் இணைந்து பெரும் வணிகமாயிற்று. இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறிய ஒன்றியச் சட்டத்தையடுத்து, பணம் வைத்து ஆடும் இணையதளங்கள் அச்சேவையை நிறுத்தின.

சீட்டாட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியை இந்திய நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளன. ஆனால் போக்கர் தளத்தை நடத்துபவரின் வருமானம் அந்தக் கேள்வியைச் சார்ந்ததன்று. எத்தனை ஆட்டங்கள் ஆடப்பட்டன என்பதையே அது சார்ந்தது. வெகுமதிப் புள்ளியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது அவசியம்.

களத்துக்குரிய பங்கு

சூதாடுவோரிடமிருந்து ஆடுகளத்தை நடத்துபவர் பங்கு பெறுவது பழைய வழக்கம். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரியின் கடமைகளைக் கூறுகிறது. வென்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கும், தாயக்கட்டை முதலியவற்றுக்கான வாடகையும் அவர் பெறலாம் என அந்நூல் விதிக்கிறது. யார் வென்றாலும் தோற்றாலும் களத்துக்குரிய பங்கு வந்துகொண்டேயிருக்கும்.

தமிழ் மரபிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. திருக்குறளின் பொருட்பாலில் ‘சூது’ என்பது 94ஆம் அதிகாரம். சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரையோடு வள்ளுவர் ஒப்பிடுகிறார். ஒன்றைப் பெறுவதற்காக நூறை இழப்பவர் என்றும் சூதாடிகளைக் குறிப்பிடுகிறார். தோல்வியை மட்டுமன்றி, சிறிய வெற்றியையும் அவர் ஆபத்தாகக் கண்டார் என்பது கவனிக்கத்தக்கது.

அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான மூர்க்க நாயனார் திருவேற்காட்டில் பிறந்தவர். அடியார்க்கு அமுதளித்தே செல்வம் தீர்ந்தபின், தமக்குத் தெரிந்த சூதாட்டத்தால் பொருளீட்டி அத்தொண்டைத் தொடர்ந்தார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. அவர் முதல் ஆட்டத்தைத் தாம் தோற்று, எதிராளி பணயத்தை எடுத்துக்கொள்ளச் செய்வார். அடுத்த ஆட்டங்களில் பலமுறை வெல்வார். இன்றைய தளங்கள் புதிதாகச் சேர்பவருக்கு அளித்த ‘வரவேற்பு போனஸ்’ நோக்கத்தில் வேறானது என்றாலும், முதலில் விட்டுக்கொடுக்கும் உத்தியில் இதற்கு நெருக்கமானது.

போக்கரும் ரேக்கும்

உலகில் அதிகம் ஆடப்படும் போக்கர் வகை டெக்சாஸ் ஹோல்டெம். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். ஐந்து சீட்டுகள் மேசை நடுவில் பொதுவாக விரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பணயத்தைக் கூட்டலாம், எதிராளியின் தொகைக்கு ஈடாக வைக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

போக்கரில் ஆடுவோர் ஒருவருக்கொருவர் எதிராகவே ஆடுகின்றனர். நடத்தும் நிறுவனம் ஆட்டத்தில் சேருவதில்லை. அதற்குப் பதிலாக, நடுவில் சேரும் பணயத் தொகையிலிருந்து ஒரு சிறு விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. இதற்கு ‘ரேக்’ என்று பெயர். ஒருவர் வெல்வது மற்றவர் இழப்பது. எனவே எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் சுழியம் வரவேண்டும். ரேக் எடுக்கப்படுவதால், ஆடுவோர் அனைவரின் கூட்டுக்கணக்கு எப்போதும் நட்டத்திலேயே முடிகிறது. அந்த நட்டமே நிறுவனத்தின் வருமானம்.

திரைக்கு வந்த ஆட்டம்

உண்மைப் பணம் வைத்து இணையத்தில் ஆடும் போக்கர், ‘பிளானட் போக்கர்’ தளத்தில் 1998 ஜனவரி 1 அன்று தொடங்கியது. 2003இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் நடந்த ஒரு சிறிய தகுதிப் போட்டியின் வழியாக உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குச் சென்று, 25 இலட்சம் டாலர் வென்றார். சாதாரண வேலையில் இருப்பவரும் வெல்லலாம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவ இந்நிகழ்வு காரணமாயிற்று.

இணையம் ஆட்டத்தின் வேகத்தையும் மாற்றியது. சூதாட்ட விடுதி மேசையில் சீட்டுக் கலைத்துப் பங்கிட நேரமாகும். அங்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 ஆட்டங்கள் நடக்கும். கணினி சீட்டுப் போட்டால் 60 முதல் 80 வரை நடக்கும். ஒருவரே பல மேசைகளில் ஒரே நேரத்தில் ஆடவும் முடிந்தது.

வேகப் போக்கரின் தோற்றம்

2010 ஜனவரியில் ‘ஃபுல் டில்ட் போக்கர்’ நிறுவனம் ‘ரஷ் போக்கர்’ என்ற புதிய வகையை வெளியிட்டது. சாதாரண மேசையில் சீட்டைக் கவிழ்த்தவர், மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை காத்திருப்பார். ரஷ் போக்கரில் அந்தக் காத்திருப்பு இல்லை. சீட்டைக் கவிழ்த்த உடனே அவர் வேறொரு மேசைக்கு மாற்றப்பட்டு, புதிய சீட்டுகளைப் பெறுவார். 2012இல் ‘போக்கர் ஸ்டார்ஸ்’ நிறுவனம் ‘ஜூம்’ என்ற பெயரில் இதே முறையை அறிமுகப்படுத்தியது. பிற நிறுவனங்களும் வெவ்வேறு பெயர்களில் இதனைப் பின்பற்றின.

இம்முறையில் ஒருவர் மணிக்கு 200க்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆட முடியும். விடுதி மேசையில் கிடைத்த காத்திருப்பு நேரம் சலிப்பூட்டுவதுதான். ஆனால் அந்த நேரத்தில்தான் மனிதன் கடிகாரத்தைப் பார்க்கிறான், கையிருப்பை எண்ணுகிறான், எழுந்து போகலாமா என்று யோசிக்கிறான். வேகப் போக்கர் நீக்கியது அந்த இடைவெளியை.

வெகுமதிப் புள்ளிகள்

வாடிக்கையாளரைத் தக்கவைக்கப் புள்ளிகள் வழங்குவது சூதாட்டத்தில் தோன்றிய முறையன்று. அமெரிக்கக் கடைகள் பொருள் வாங்குவோருக்கு வழங்கிய பசுமை முத்திரைகள் 1896இல் தொடங்கின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் தன் பயணிகளுக்கு மைல் கணக்கில் வெகுமதி அளிக்கத் தொடங்கியது. 1997இல் ஹாராஸ் சூதாட்ட விடுதிக் குழுமம் தன் விடுதிகள் பலவற்றுக்கும் பொதுவான வெகுமதி அட்டையைக் கொண்டுவந்தது. அந்த அட்டை, யார் எவ்வளவு ஆடுகிறார் என்பதை நிறுவனம் அறியவும் உதவியது.

போக்கர் தளங்கள் இதனை மேலும் நுட்பமாக்கின. ஃபுல் டில்ட் தளத்தில் சில இடைத்தரகர் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு ரேக்கில் 27 விழுக்காடு திரும்பக் கிடைத்தது. அதே தளத்தின் ‘அயர்ன் மேன்’ திட்டம், மாதத்தில் எத்தனை நாள்கள் தவறாமல் ஆடினார் என்பதைக் கொண்டு நிலைகளை வழங்கியது. போக்கர் ஸ்டார்ஸ் தளத்தில் உயர்ந்த நிலை ‘சூப்பர்நோவா எலைட்’ எனப்பட்டது. அதனை அடைய ஓர் ஆண்டுக்குள் 10 இலட்சம் புள்ளிகள் சேர்க்கவேண்டும். அதாவது ஆண்டின் 365 நாள்களிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,740 புள்ளிகள். ஒருநாள் ஓய்வெடுத்தால் அந்தச் சுமை மற்ற நாள்களில் ஏறும். இவ்வாறு ஆடியவர்களுள் பலர், மேசையில் சமநிலையோ சிறு நட்டமோ கண்டு, வெகுமதியை மட்டுமே வருமானமாகக் கொண்டனர். இவர்களை இயந்திரம்போல் ஆடுபவர்கள் என்று போக்கர் உலகம் குறிப்பிட்டது.

ஒரு கணக்கு

வேகமும் வெகுமதியும் இணையும்போது என்ன நிகழும் என்பதை மாணவர்கள் ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

ஓர் ஆட்டத்துக்கு ஒருவரின் பங்காகச் சராசரியாக 50 காசு ரேக் போவதாகக் கொள்வோம். முதலாமவர் சாதாரண மேசையில் மணிக்கு 70 ஆட்டங்கள் ஆடுகிறார். அவருக்கு வெகுமதி ஏதும் இல்லை. இரண்டாமவர் வேகப் போக்கரில் மணிக்கு 220 ஆட்டங்கள் ஆடுகிறார். அவருக்கு ரேக்கில் 25 விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது. இருவரும் நாளுக்கு 4 மணி நேரம் வீதம் 30 நாள்கள் ஆடுகின்றனர்.

முதலாமவர் செலுத்தும் ரேக் 4,200 ரூபாய். இரண்டாமவர் செலுத்துவது 13,200 ரூபாய். அதில் 3,300 ரூபாய் வெகுமதியாகத் திரும்புகிறது. கழித்தால் 9,900 ரூபாய். ஆக, வெகுமதி பெற்றவர் கொடுத்தது, வெகுமதி பெறாதவர் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆட்டத்தில் வரும் வெற்றி தோல்வி இக்கணக்கில் சேரவில்லை. திரையில் 3,300 ரூபாய் ‘ஈட்டியதாக’த் தெரியும். 9,900 ரூபாய் எந்த இடத்திலும் ஒரே எண்ணாகத் தெரியாது. ஐம்பது ஐம்பது காசாகப் போயிருக்கும்.

‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்ற பழமொழி பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தோடு தொடர்புடையது. திருமுதுகுன்றம் எனப்படும் இவ்வூரில் இறைவனிடம் 12,000 பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலவரலாறு. அப்போதும் அவர் பொன்னின் மாற்றுக் குறைந்ததா என்று உரைத்துப் பார்த்த பிறகே ஏற்றார். திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் கோயில் அந்நிகழ்ச்சியின் நினைவாக உள்ளது. வெகுமதிப் புள்ளி வாங்குபவர் செய்யாமல் விடுவது இந்த மாற்றுப் பார்க்கும் வேலையைத்தான். ஆற்றில் இட்டது எவ்வளவு, குளத்தில் கிடைத்தது எவ்வளவு என்று அவர் ஒப்பிடுவதில்லை.

வாக்குறுதிகள் மாறிய ஆண்டுகள்

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு போக்கர் ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் ஆகிய தளங்களின் நிறுவனர்கள் மீது குற்றம் சாட்டியது. இந்நாளைப் போக்கர் உலகம் ‘கருப்பு வெள்ளி’ என்கிறது. ஃபுல் டில்ட் நிறுவனத்தால் ஆடுவோர் கணக்கில் இருந்த பணத்தைத் திருப்பித் தர இயலவில்லை. வைப்புத் தொகையைத் தனியே பாதுகாக்காமல் செலவழித்திருந்தது பின்னர் வெளியாயிற்று. புள்ளிகள் மட்டுமன்றி, சொந்தப் பணமும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கைக்கு வரவில்லை.

2015 நவம்பரில் போக்கர் ஸ்டார்ஸ் 2016ஆம் ஆண்டுக்கான வெகுமதிகளைக் குறைப்பதாக அறிவித்தது. அந்த ஆண்டு முழுவதும் ஆடி உயர்ந்த நிலையை அடைந்தவர்கள், அடுத்த ஆண்டில் அதன் பயனை எதிர்பார்த்திருந்தனர். டிசம்பர் தொடக்கத்தில் அவர்கள் மேசைகளில் அமர்ந்து ஆடாமலிருந்து வேலைநிறுத்தம் செய்தனர். அதனால் அறிவிப்பு மாறவில்லை. 2017இல் வந்த புதிய திட்டத்தில் புள்ளிகளுக்குப் பதில் ‘பெட்டிகள்’ வழங்கப்பட்டன. பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியாது. வெகுமதியே ஒரு குலுக்கல் ஆயிற்று.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதி, உறுதியான வெகுமதியைவிட ஒரு செயலை நீண்டகாலம் செய்யத் தூண்டும் என்பதை உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. சூதாட்ட இயந்திரங்கள் பற்றி ஆராய்ந்த மானிடவியலாளர் நடாஷா டவ் ஷுல் 2012இல் வெளியிட்ட நூலில், வேகமும் இடைவிடாத தொடர்ச்சியும் அடிமைப்படுத்தலுக்கு எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை விளக்கியுள்ளார்.

இந்தியச் சட்டம் கேட்ட கேள்விகள்

சென்னை நகரத்துக்கு 1888ஆம் ஆண்டின் காவல் சட்டமும், பிற பகுதிகளுக்கு 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் நீண்டகாலம் நடைமுறையில் இருந்தன. 1930ஆம் ஆண்டுச் சட்டம் ‘பொதுச் சூதாட்ட வீடு’ என்பதை வரையறுக்கும்போது, அந்த இடத்தை வைத்திருப்பவர் கட்டணம் மூலமாகவோ வேறு வகையிலோ ஆதாயம் பெறுகிறாரா என்று பார்த்தது. திறமையால் மட்டும் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு அது விலக்கும் அளித்தது.

ஆந்திர அரசு எதிர் சத்தியநாராயணா எனப்படும் 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. செகந்தராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. பிற்காலத்தில் ரம்மி நிறுவனங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டியது இப்பகுதியையே. ஆனால் அதே தீர்ப்பில், பணயம் வைத்து ஆடப்படும் ஆட்டத்திலிருந்து மன்றம் ஆதாயம் அடைவதற்குச் சான்று இருந்தால் குற்றமாகலாம் என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டிருந்தது. 1996இல் கே.ஆர்.லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்தது எனத் தீர்ப்பானது. இதன்பின் விவாதம் திறமை, அதிர்ஷ்டம் என்ற இரண்டு சொற்களைச் சுற்றியே நடந்தது. நடத்துபவரின் ஆதாயம் என்ற பழைய கேள்வி பின்னுக்குப் போயிற்று.

போக்கர் குறித்து மாநிலங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சூதாட்ட வரையறையிலிருந்து விலக்கியது. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதனை அதிர்ஷ்ட ஆட்டம் என்றார்.

தமிழ்நாட்டில் நடந்தவை

2020இல் ஊரடங்குக் காலத்தில் இணைய ரம்மி பரவியது. பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து தொடர்ந்து வந்தன. அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதற்குச் சட்டம் தேவை என்று சுட்டிக்காட்டியது. நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021 தொடக்கத்தில் அது சட்டமாயிற்று. பணயம் வைத்தால் திறமை ஆட்டமும் குற்றம் என்ற அச்சட்டத்தை, 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது.

2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இடம்பெற்றார். குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, அக்டோபர் 19 அன்று சட்டமுன்வரைவு நிறைவேறியது. 2023 மார்ச்சில் ஆளுநர் அதனைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23 அன்று சட்டப்பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மியும் போக்கரும் அதன் அட்டவணையில் அதிர்ஷ்ட ஆட்டங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அட்டவணையிலிருந்த அவ்விரு ஆட்டங்களுக்கான தடையை மட்டும் நீக்கியது. ஆடும் நேரம், வயது முதலியவற்றை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றும் கூறியது.

இத்தீர்ப்புக்குப் பின் புதிய திருப்பம் ஏற்பட்டது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் வெளியாயின. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாது. 18 வயது நிரம்பாதவர் ஆடக்கூடாது. ஆதார் வழிச் சரிபார்ப்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால், 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் எச்சரிக்கை தோன்றவேண்டும். நாள், வாரம், மாதம் என்று செலவு வரம்பும் வேண்டும். 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இவ்விதிமுறைகளை உறுதிசெய்தது.

இவ்விதிமுறைகளில் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி இல்லை. அவை பேசியது நேரம், தூக்கம், தொகை ஆகியவற்றை. வேகப் போக்கர் நீக்கிய இடைவெளியைச் சட்டம் மீண்டும் திரைக்குள் கொண்டுவர முயன்றது என்று இதனைக் கூறலாம்.

2025ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம்

இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், பணம் ஈட்டும் எதிர்பார்ப்போடு பணம் செலுத்தி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதை இச்சட்டம் தடைசெய்கிறது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 இலட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பணமாக மாற்றக்கூடிய காசு, டோக்கன், வரவுப் புள்ளி முதலியவையும், எந்தப் பெயரில் இருந்தாலும், பணயமாகவே கருதப்படுகின்றன.

சில நாள்களிலேயே பெரிய ரம்மி, போக்கர் நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. முழுத்தடையால் வேலை இழந்தவர்கள் உண்டு என்பதும், ஆடுவோர் கட்டுப்பாடற்ற வெளிநாட்டுத் தளங்களுக்குச் செல்லக்கூடும் என்பதும் எதிர்ப்பாளர்களின் வாதம். அத்தகைய தளங்களில் பணம் முடங்கினால் முறையிட இந்நாட்டில் இடமில்லை.

படிப்போர் கவனத்துக்கு

புள்ளி வழங்கும் செயலிகள் சூதாட்டத்தோடு முடிவதில்லை. எந்தச் செயலி வெகுமதி அளித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவது நல்லது. இந்த வெகுமதி யாருடைய பணத்திலிருந்து வருகிறது? இதைப் பெற நான் எத்தனை முறை ஒரே செயலைச் செய்யவேண்டும்? விதியை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது?

இணைய ஆட்டங்களில் பணத்தை இழந்து மன உளைச்சலில் இருப்போரும் அவர்களது குடும்பத்தினரும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இழந்த பணத்தை அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்று எண்ணுவதைவிட, வீட்டில் ஒருவரிடம் உண்மைத் தொகையைச் சொல்லிவிடுவது முதற்படியாக அமையும்.